குடசப்பாலையும் வெட்பாலையும்

திருச்சிராப்பள்ளியினின்று சென்னை நோக்கிச் செல்லும் பெருவழியில், பெரம்பலூரை அடைவதற்கு முன்னர், பாடாலூர் என்னும் ஊர் உளது. அவ்வூரில் பூமலை சஞ்சீவிராயர் மலைக்கோயில் விளங்குகின்றது. சஞ்சீவி என்ற சொல்லைக் கேட்ட அளவில் இராமகாதையில் வரும் நிகழ்ச்சி நம் நினைவிற்கு வரும். உயிர் காக்கும் மூலிகையைக் கொணரச் சென்ற அனுமன், மலையில் செறிந்து நின்ற செடிகளுள் வேண்டிய மூலிகை இன்னதென்று தெளியமாட்டாமல், மலையையே பெயர்த்து வந்தான் என்பர். அக்கதையின் உண்மை இன்மைகளை ஆராய்தல் நம் கருத்தன்று. ஆயினும், அதனுள் ஒரு நுட்பம் அடங்கியிருக்கின்றது. மருந்தின் ஆற்றலை அறிதல் வேறு. அம்மருந்தாகும் மரத்தை ஐயமின்றி அறிதல் வேறு. முன்னது தெரிந்து பின்னது தெரியாதவிடத்து நோயாளிக்குப் பயன் இல்லை. மலையைப் பெயர்க்கும் வன்மை நம்மிடம் இல்லாமையால், செடியைத் தெளியும் கலையை நாம் கற்றே ஆகவேண்டும்.

அக்கலையைப் பொதுப்படக் கூறுவதினும், மாணாக்கர் கண்ணுக்கு எளிதில் எட்டும் மரங்களைக் கொண்டு விளக்குதல் நன்று. ஆதலின் பாலை என்னும் பொதுப்பெயர் பூண்ட இரண்டு மரங்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று குடசப்பாலை, மற்றொன்று வெட்பாலை.

பெயரால் விளைந்த மயக்கம்

இவ்விரண்டும் அலரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் இலைகள் எதிரெதிராக அமையும், ஒடித்தால் வெண்பால் சுரக்கும், பூ வெண்மையாயிருக்கும், காய் நீண்டு இரட்டையாகத் தொங்கும், விதையில் பட்டுப்போன்ற மயிர்க்குஞ்சம் இருக்கும். இத்துணை ஒற்றுமை உடைமையால், குடசப்பாலையைக் கசப்பு வெட்பாலை என்று வழங்குவாரும் உளர். நாட்டு மருந்துக் கடையில் வெட்பாலரிசி என்று கேட்பவருக்குக் கிடைப்பது எம்மரத்தின் விதை என்பது கடைக்காரருடைய சரக்கைப் பொறுத்தது.

தாவர நூலார் குடசப்பாலையை ஹோலரீனா புபெஸ்கன்ஸ் என்பர். ஹோலரீனா ஆன்டிடிசென்டெரிக்கா என்பது அதன் பழைய பெயர். வெட்பாலைக்கு ரைட்டியா டிங்க்டோரியா என்று பெயர். ஆன்டிடிசென்டெரிக்கா என்பது சீதபேதியைத் தடுப்பது என்றும், டிங்க்டோரியா என்பது சாயத்திற்குரியது என்றும் பொருள்படும். பெயரிலேயே இரண்டின் தொழிலும் பிரிந்து கிடக்கின்றன. வடமொழி மருத்துவ நூல்கள் குடஜம் என்று போற்றி, வயிற்றுக்கடுப்பிற்கும் இரத்தபேதிக்கும் விதித்தது குடசப்பாலையின் பட்டையையே. குடஜாரிஷ்டம் என்னும் மருந்து அதனாற் செய்யப்படுவது. அந்நூலாரும் ஆண் குடஜம், பெண் குடஜம் என இருவகை கூறியிருத்தலை நோக்குமிடத்து, ஒத்த தோற்றமுடைய மரங்களைப் பிரித்தறியும் முயற்சி மிகப் பழமையானதென்பது புலனாகும்.

இலத்தீன் பெயர்களும் மயக்கத்திற்கு இடந்தந்தன என்பதை நாம் மறத்தலாகாது. இலங்கையில் இயற்கையாக வளர்ந்து, இன்று பூந்தோட்டங்களில் அழகுக்காக நடப்படும் வெண்பூச்செடி ஒன்றுக்கு ரைட்டியா ஆன்டிடிசென்டெரிக்கா என்பது பெயர். அது குடசப்பாலையுமன்று, நம் வெட்பாலையுமன்று. சீதபேதியைத் தடுப்பதென்னும் அடைமொழியோ அதற்கும் வாய்த்துவிட்டது.

ஒரு பட்டை மதிப்பிழந்த வரலாறு

இம்மயக்கம் ஏட்டளவில் நின்றதாயின் அதனால் பெரிய கேடில்லை. அது மருந்தையும் பாதித்தது. குடசப்பாலைப் பட்டை, கொனெஸ்ஸிப் பட்டை என்றும் தலைச்சேரிப் பட்டை என்றும் பெயர் பெற்று ஐரோப்பாவிற்குச் சென்றது. தொடக்கத்தில் சீதபேதிக்கு நன்மருந்தென்று பாராட்டப்பெற்ற அது, சில காலத்திற்குள் பயனற்றதென்று கைவிடப்பட்டது. வெட்பாலையின் பட்டை அதனுடன் கலந்தும் அதற்கு மாற்றாகவும் விற்கப்பட்டமையே இதற்குக் காரணமாகலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் மருந்து நூலார் எழுதினர். நல்ல மருந்தொன்று தன் குற்றத்தாலன்றி, தன் பெயரில் வந்த பிறிதொன்றால் பழி சுமந்தது.

இரசாயனத்திலும் அப்பிழை புகுந்தது. 1858-இல் ஹெயின்ஸ் என்பார் கொனெஸ்ஸிப் பட்டையினின்று ஒரு காரப்பொருளைப் பிரித்தார். அதற்குக் கொனெஸ்ஸீன் என்று பெயர் வந்தது. 1864-இல் ஸ்டென்ஹவுஸ் என்னும் இரசாயனியும் விதையினின்று அப்பொருளைப் பெற்றார். அவ்விதை ரைட்டியா என்னும் இனத்தைச் சேர்ந்ததென்று கொள்ளப்பட்டமையால், அதற்கு ரைட்டீன் என்ற பெயரை இட்டார். இன்றும் இரசாயன அகராதிகளில் கொனெஸ்ஸீனுக்கு மறுபெயராக ரைட்டீன் என்பது காணப்படுகின்றது. பொருளைப் பிரித்தெடுத்த கை பிழை செய்யவில்லை. மரத்திற்கு இட்ட பெயரே பிழைபட்டது. அப்பிழை ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அழியாது நிற்கின்றது.

பின்னர் 1920-ஆம் ஆண்டுகளில் கல்கத்தா வெப்பநாட்டு மருத்துவக் கல்லூரியில் ஆர். என். சோப்ரா முதலியோர் குடசப்பாலையை மீண்டும் ஆராய்ந்தனர். அக்காலத்தில் அமீபா சீதபேதிக்கு வழங்கிய சிறந்த மருந்து எமெட்டின். 1912-இல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் அதனை ஊசி வழியாகச் செலுத்தும் முறையைப் புகழ்பெறச் செய்திருந்தார். ஆயினும் எமெட்டின் இதயத்தைத் தாக்கும் இயல்புடையது. நச்சுத்தன்மை குறைந்த உள்நாட்டு மருந்து கிடைக்குமாயின் ஏழை மக்களுக்கு அது பேருதவியாகும் என்பதே அவ்வாராய்ச்சியின் நோக்கம். மரமும் பட்டையும் உறுதி செய்யப்பட்ட பின்னரே குடசப்பாலை தன் பழைய மதிப்பை ஒருவாறு மீட்டது.

கள ஆய்வு: முதற்படி

ஆகவே, சோதனைச்சாலையின் வேலை சோதனைச்சாலையிலே தொடங்குவதன்று, மரத்தடியிலே தொடங்குகின்றது. பாடாலூரைச் சூழ்ந்த கற்பாங்கான மேட்டு நிலங்களிலும் புதர்க்காடுகளிலும் நாம் எளிதிற் காண்பது வெட்பாலை. குடசப்பாலையோ மலையடிவாரத்து இலையுதிர் காடுகளை விரும்புவது. ஆயினும் இடத்தை மட்டுங்கொண்டு மரத்தைத் துணிதல் கூடாது. பூ, காய், விதை என்னும் மூன்றையும் நோக்கவேண்டும்.

பூவை முதலில் நோக்குவோம். வெட்பாலைப் பூவின் நடுவே, இதழ்களுக்கு உட்புறமாக, மயிர்போலப் பிளவுபட்ட செதில்கள் முடிபோல் அமைந்திருக்கும். மகரந்தப்பைகள் ஒன்றுகூடிக் கூம்பாகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலைப் பூவில் அச்செதில்முடி இல்லை. மகரந்தப்பைகள் குழலுக்குள்ளே மறைந்திருக்கும். அரும்பிலே இதழ்கள் ஒன்றன்மேலொன்று சுழன்று படிந்திருக்கும் திசையும் இரண்டிலும் எதிர்மாறானது. கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் பள்ளி மாணவனும் இவ்வேற்றுமையைக் காணலாம்.

காயில், வெட்பாலையின் இரண்டு நெற்றுகளும் இளமையில் நுனியில் ஒட்டி, இடுக்கிபோல் தோன்றும். குடசப்பாலையின் நெற்றுகள் தனித்தனியே தொங்கும்; அவற்றின்மேல் வெண்புள்ளிகள் காணப்படும். விதையில், குடசப்பாலையின் மயிர்க்குஞ்சம் காயின் நுனியை நோக்கியும், வெட்பாலையின் குஞ்சம் காயின் அடியை நோக்கியும் அமைந்திருக்கும். சுவையில் குடசப்பாலை விதை மிகக் கசக்கும். வெட்பாலை விதையில் அக்கசப்பு இல்லை. வடநாட்டுக் கடைகளில் இவற்றைக் கசப்பு இந்திரஜவம், இனிப்பு இந்திரஜவம் என்று பிரித்து வழங்குவதும் இதுபற்றியே. எனினும் அறியாத விதையை வாயிலிட்டுச் சோதிக்கும் பழக்கத்தை மாணாக்கர் மேற்கொள்ளற்க.

பட்டை எடுக்கும் மரத்தினின்று பூவும் காயும் கூடிய கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துத் தாளில் ஒட்டிப் பாதுகாத்தல் வேண்டும். இதனைச் சான்றுச்செடி எனலாம். பிற்காலத்தில் யாரேனும் நம் முடிபை ஐயுற்றால், அச்செடியே நமக்காகச் சாட்சி சொல்லும். இவ்வழக்கத்தில் தமிழ்நாட்டு மிஷன்களுக்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. லின்னேயஸின் மாணவராகிய கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். அவர் வழியில் ராட்லர் பாதிரியார் பல்லாண்டு தொண்டாற்றினார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் கே. எம். மாத்யூ அடிகளார் நிறுவிய ராபினட் தாவரச் சேமிப்பகம் அம்மரபின் தொடர்ச்சியாகும். அவர் எழுதிய தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவர நூல் நமது மாவட்டங்களைச் சுற்றிய நிலப்பரப்பிற்குரியது. ஐயம் தோன்றியவிடத்து அத்தகைய சேமிப்பகத்திற்குச் சென்று ஒப்பிட்டுப் பார்த்தல் நம் கடன்.

பூதக்கண்ணாடி காட்டும் உண்மை

கடையிலிருந்து வரும் பட்டையில் பூவும் இல்லை, காயும் இல்லை. அப்போது என் செய்வது? நுண்பெருக்கிக் கண்ணாடியே துணை. மரம் அழியினும் அதன் உயிரணுக்களின் அமைப்பு எளிதில் அழிவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், 18 மீட்டருக்கு மேல் நீண்ட கல்மரம் ஒன்று கிடக்கின்றது, 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் மண்ணிற் புதைந்து கல்லாகிய மரமும் தன் வடிவைக் காத்துக்கொண்டிருக்குமாயின், சென்ற ஆண்டில் உரித்த பட்டை தன் குலத்தை மறைக்க இயலுமா?

பட்டையை நீரில் ஊறவைத்து, குறுக்கே மெல்லிய சீவலாக அரிந்து, குளோரல் ஹைட்ரேட்டுக் கரைசலில் தெளியவைத்துப் பார்க்கவேண்டும். பின்னர் புளோரோகுளூசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால், மரத்தன்மை ஏறிய சுவர்கள் செந்நிறம் பெறும். குடசப்பாலைப் பட்டையில் கல்லணுக்கள் கூட்டங்கூட்டமாக, பட்டைபட்டையாக அடுக்கப்பட்டிருப்பது தெளிவாகத் தோன்றும். அவற்றை ஒட்டிக் கால்ஸியம் ஆக்ஸலேட்டுப் படிகங்கள் மின்னும். இவ்வமைப்பை, சான்றுச்செடியுள்ள மரத்தினின்று எடுத்த மெய்ப்பட்டையின் சீவலோடு அருகருகே வைத்து ஒப்பிடுக. நூலிலுள்ள படத்தோடு ஒப்பிடுவது அதற்கு ஈடாகாது.

இரசாயனப் பகுப்பு

இனி, பட்டையிலுள்ள பொருளை அளக்கும் முறையைக் கூறுவோம். கொனெஸ்ஸீன் ஒரு ஆல்கலாய்டு. ஸ்டீராய்டு என்னும் அமைப்பைச் சேர்ந்தது. அதன் மூலக்கூற்று வாய்பாட்டில் கரியணு 24, ஹைட்ரஜன் 40, நைட்ரஜன் 2 உள்ளன. மூலக்கூற்று எடை ஏறக்குறைய 356.6. 1962-இல் இதனை முற்றிலும் செயற்கை முறையில் ஆக்கும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. பட்டையில் இதனோடு இனமான வேறு பல ஆல்கலாய்டுகளும் கலந்துள்ளன.

ஆல்கலாய்டுகள் காரத்தன்மையுடையன. அமிலத்தோடு சேர்ந்து உப்பாகியபோது நீரில் கரையும்; காரத்தால் விடுவிக்கப்பட்டபோது குளோரோபார்மில் கரையும். இவ்வொரு குணமே பிரித்தெடுத்தலுக்கு அடிப்படை. முதலில் உலர்ந்த பட்டைத்தூள் 10 கிராமை நிறுத்து, அம்மோனியாவால் ஈரமாக்கி, குளோரோபார்ம் சேர்த்துப் பலமுறை குலுக்கி வடிக்கவேண்டும். வடித்த குளோரோபார்மை நீர்த்த கந்தகத் திராவகத்தோடு குலுக்கினால் ஆல்கலாய்டுகள் நீர்ப்பகுதிக்கு வந்து, கொழுப்பும் பிசினும் குளோரோபார்மிலேயே தங்கிவிடும். நீர்ப்பகுதியை மீண்டும் அம்மோனியாவால் காரமாக்கிப் புதிய குளோரோபார்மால் வாங்கி, ஆவியாக்கினால், தூயதாகிய ஆல்கலாய்டுத் தொகுதி எஞ்சும்.

அவ்வெச்சத்தில் ஒரு சிறு பகுதியை அமிலத்தில் கரைத்து, மேயர் கரைசல் விட்டால் வெண்படிவு உண்டாகும். டிராகன்டார்ஃப் கரைசல் விட்டால் செம்மஞ்சட் படிவு உண்டாகும். இவை ஆல்கலாய்டு உண்டு என்பதை மட்டும் அறிவிக்கும். இன்ன ஆல்கலாய்டு என்று அறிவியா. எட்டிக்கொட்டையும் இச்சோதனைக்கு விடை தரும், ஊமத்தையும் விடை தரும். இதனை மாணாக்கர் நன்கு நினைவிற் கொள்க.

அளவிடுவதற்கு, சிறு பகுதி எடுக்காமல் தனியே செய்த மற்றோர் எச்சத்தை, டெசிநார்மல் கந்தகத் திராவகம் 20 மில்லிலிட்டரில் கரைத்து, மெதில் ரெட்டை அடையாளமாக வைத்து, எஞ்சிய அமிலத்தை டெசிநார்மல் காஸ்டிக் சோடாவால் அளக்கவேண்டும். கொனெஸ்ஸீனில் காரத்தன்மையுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டாதலின், டெசிநார்மல் அமிலத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.01783 கிராம் கொனெஸ்ஸீனுக்குச் சமம். எடுத்துக்காட்டாக, சோடா 7.5 மில்லிலிட்டர் செலவாயிற்றென்று கொள்வோம். ஆல்கலாய்டு ஏற்ற அமிலம் 12.5 மில்லிலிட்டர். இதனை 0.01783-ஆல் பெருக்க 0.223 கிராம் வரும். அஃதாவது பட்டையில் நூற்றுக்கு 2.23 பங்கு. மருந்து நூல்கள் குடசப்பாலைப் பட்டைக்கு விதித்த குறைந்த அளவு நூற்றுக்கு 2 ஆகும். எச்சத்தில் அம்மோனியா சிறிதேனும் தங்கினால் அதுவும் அமிலத்தை ஏற்று, பட்டையின் மதிப்பைப் பொய்யாக உயர்த்திவிடும். ஆதலின் அளப்பதற்கு முன் அதனை முற்றும் போக்குதல் இன்றியமையாதது.

இன்ன ஆல்கலாய்டு என்று தெளிய மெல்லேட்டு நிறப்பகுப்பு உதவும். ஸிலிக்கா பூசிய தகட்டில் நமது சாற்றையும், தூய கொனெஸ்ஸீனையும், மெய்யான குடசப்பாலைச் சாற்றையும், வெட்பாலைச் சாற்றையும் அருகருகே புள்ளியிட்டு, கரைப்பான் ஏறியபின் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால், புள்ளிகளின் வரிசை ஒவ்வொரு மரத்திற்கும் கையெழுத்துப்போல் தோன்றும். பெருநகரச் சோதனைச்சாலைகளில் இதனைக் கருவி கொண்டு நுட்பமாக அளப்பர்.

இந்நூற்றாண்டில் மரபணுவைப் படித்து மரத்தை அறியும் முறையும் வந்துள்ளது. 2009-இல் தாவர அறிஞர் பலர் கூடி, ஆர்.பி.ஸி.எல்., மேட்-கே என்னும் இரண்டு மரபணுப் பகுதிகளைத் தாவரங்களுக்குப் பொது அடையாளமாக வகுத்தனர். தூளாகிய பட்டையையும் இதனால் இனங்காணலாம். ஆயினும் நெடுநேரம் கொதித்த கஷாயத்தில் மரபணு சிதைந்துபோம். அன்றியும், மரபணு மரத்தின் பெயரைச் சொல்லுமேயன்றி மருந்தின் அளவைச் சொல்லாது.

ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது

இவ்வளவு கூறியதால் வெட்பாலை போலி மரம் என்று எவரும் எண்ணற்க. அதன் இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறம் பெறும். அத்தைலம் செதில் உதிரும் தோல்நோய்க்குச் சித்த மருத்துவர் வழங்குவது. இலையில் நீலச்சாயத்திற்குரிய இண்டிகோவும் அதனோடு உறவுடைய இண்டிரூபின் முதலிய பொருள்களும் உள்ளமை பகுப்பாய்வால் தெரிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராக்ஸ்பரோ என்னும் தாவர அறிஞர் இவ்விலையினின்று நீலம் எடுக்கும் வழியை ஆராய்ந்தார். இண்டிரூபினோ, சீன நாட்டில் இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கிய பழமருந்தொன்றின் ஆற்றலுக்குக் காரணமான பொருளென்று அறியப்பட்டு, உலகத்து ஆராய்ச்சியாளர் கருத்தைக் கவர்ந்தது. இதன் வெண்மரத்தைக் கடைந்து சென்னபட்டணத்துப் பொம்மைகள் செய்கின்றனர். சீதபேதிக்கு உதவாத மரம் தோலுக்கு உதவுகின்றது. குடசப்பாலையின் பெயரில் விற்கப்படும்போது இரண்டு மரங்களுக்கும் அநீதி நேர்கின்றது. நோயாளிக்கோ அதனினும் பெரிய தீங்கு நேர்கின்றது.

முடிபுரை

பகுப்பாய்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெளிந்து முடிப்போம். ஒரு பட்டையில் ஆல்கலாய்டு குறைவாயிருந்தால், அது வெட்பாலையென்று உடனே துணிதல் கூடாது. பழம்பட்டையாகவோ, இளங்கிளைப் பட்டையாகவோ, ஈரத்தில் கெட்டதாகவோ இருக்கலாம். மிகுதியாயிருந்தால், அது குடசப்பாலையென்று துணிதலும் கூடாது. வேறு ஆல்கலாய்டு மரமாக இருக்கலாம். மரத்தை அறியாமல் அளந்த எண் எத்துணைத் தசமம் வரை நீண்டாலும் பொருளற்ற எண்ணே. அவ்வாறே, ஆல்கலாய்டு உண்டென்று நாம் கண்டதனால் மட்டும் நோயாளி அதனைத் தானே உண்ணுதல் தகாது. கொனெஸ்ஸீன் மூளையிலுள்ள ஹிஸ்டமின் ஏற்பிகளுள் ஒருவகையைத் தடுப்பதென்று 2008-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. வயிற்றுக்கென்று உண்ட பொருள் வயிற்றோடு நிற்பதில்லை. சீதபேதி கண்டவர் மருத்துவரை நாடுதலே முறை.

மாணாக்கர்க்கு நாம் வேண்டிக்கொள்வன இரண்டு. பட்டை வேண்டி மரத்தைச் சுற்றிலும் உரித்துவிடாதீர். சுற்றுரித்த மரம் பட்டுப்போம். ஒருபுறத்துச் சிறு துண்டே ஆராய்ச்சிக்குப் போதும். இரண்டாவது, சோதனைச்சாலைக்கு வரும் ஒவ்வொரு பட்டைத்துண்டையும் ஒரு சான்றுச்செடியோடு சேர்த்தே கொணர்க. அஃதின்றி வந்ததைத் தராசிலும் வைக்கற்க. மரத்தின் பெயர் மெய்யாயின் அதன்மேல் கட்டிய ஆராய்ச்சி நிற்கும். பெயர் பொய்யாயின், ரைட்டீன் என்னும் பெயரைப்போல, திறமையோடு செய்த வேலையும் தலைமுறை பல கடந்து ஒரு பிழையையே சுமந்து செல்லும்.